வழுவும் வழுவமைதியும்: மங்கலத்து ஒட்டுத்துணி மெத்தைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒட்டுத்துணி மெத்தைகள் பற்றி ஒரு சிற்றிதழில் எழுதினேன். பனியன் கம்பெனிகள் கழித்துப்போடும் வெட்டுத்துணியை வைத்து மங்கலத்தில் சில பெண்கள் தைக்கிற மெத்தை விரிப்புகள் அவை. எட்டுப் பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு மெத்தைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். வெள்ளையும் சிவப்பும் மாறிமாறி வைத்துத் தைத்தது அது. ஒரு சலவைக்குப் பிறகு சிவப்பு பரவி, வெள்ளைக் கட்டங்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி ரோஜா நிறமாகக் கசிந்திருந்தன. ‘ஏற்றுமதிச் சீர்மையின் இலக்கணத்துக்கு எதிராகத் துணியே எழுதிக்கொண்ட மறுப்புப் பிரதி’ என்று அதை வர்ணித்திருந்தேன். மூன்று நண்பர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். ஒருவர் அந்த வாக்கியத்தைத் தன் கட்டுரையில் எடுத்தாண்டார்.

அந்த மெத்தையைத் தைத்த அக்காவுக்கு அவர் மகள் கட்டுரையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்தமுறை நான் போனபோது அக்கா சொன்னது இவ்வளவுதான்: “சாயம் போயிருச்சுங்க தம்பி. தப்புங்க அது. அதப் போயி இப்பிடி எழுதீட்டீங்களே. அந்த வெள்ளைய நான் எத்தன நாளு சேத்துனன் தெரியுமுங்களா?”

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்றும் உண்டு. சென்னையில் ஒரு கடைக்கு இருபது மெத்தை அனுப்பியிருந்தார்கள். ஒன்பது திரும்பி வந்துவிட்டன. அந்த ஒன்பதில் ஒன்றுதான் என்னுடைய மறுப்புப் பிரதி. திரும்பி வந்த சரக்கின்முன் நின்றுகொண்டு நான் அழகியல் பேசியிருக்கிறேன். அந்தத் தவறிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. என் பழைய வாதத்தை முழுக்கத் தூக்கி எறியப் போவதில்லை. ஆனால் அது எங்கே கழன்றது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் துணியைப் பற்றிக் கொஞ்சம். நம்மில் பலர் துணியை உருவகமாக மட்டுமே அறிந்தவர்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பூரிலிருந்து சோமனூர் போகிற வழியில் நொய்யலை ஒட்டி இருக்கிறது மங்கலம். கிழக்கே பனியன், மேற்கே விசைத்தறி. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற நெய்த துணி ஒரு ஜாதி. (ஜாதி என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். இரண்டு தொழிலும் ஒன்றை ஒன்று மதிக்காது.) வளையத்துக்குள் வளையம் கோத்துப் பின்னிய பனியன் துணி இன்னொரு ஜாதி. நெய்த துணி குறுக்காக இழுத்தாலொழிய அசையாது. பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் வரும், விட்டால் முழுசாகத் திரும்பாது. மங்கலத்து மெத்தையில் மேல்பக்கம் பனியன் வெட்டு, அடிப்பக்கம் தறியிலிருந்து அப்படியே வந்த காடாத்துணி. இரண்டு தொழிலின் எல்லையில் இருக்கிற ஊரில் வேறெப்படி இருக்கும்? அந்த மெத்தையில் நேர்கிற பாதித் தவறுகள் இந்த இரண்டையும் சேர்த்துத் தைப்பதில் பிறப்பவை.

காடா என்பது கஞ்சி ஏறிய துணி. முதல் சலவையில் கஞ்சி போகும், துணி சுருங்கும். மேலே உள்ள பனியன் துண்டுகளோ சாயப்பட்டறையிலும் காம்பாக்டிங்கிலும் பலமுறை தண்ணீரையும் நீராவியையும் பார்த்தவை. அவை சுருங்குவது வேறு அளவில், வேறு திசையில். ஆகவே புதிதாய் இருக்கும்போது பலகைபோல நிற்கிற மெத்தை, ஒருமுறை துவைத்துக் காயப்போட்டால் அப்பளம்போல நெளிந்துகொள்ளும். காடாவை முன்பே நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது இப்போது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிவதற்குள் எத்தனை மெத்தை நெளிந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

ஒற்றைப் பின்னல் பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். சுருண்ட ஓரத்தைக் கவனிக்காமல் தைத்தால் தையலுக்குள் மூன்று மடிப்பு விழுந்து முடிச்சாகும். கூர் ஊசி போட்டால் வளையம் அறுந்து ஓட்டை விழும். அது தைக்கும்போது தெரியாது, இரண்டாவது சலவையில்தான் கண் திறக்கும். உருண்டை முனை ஊசி வேண்டும். மூன்று அடுக்கையும் முதலில் பெரிய பெரிய கைத்தையலாகப் போட்டு நிறுத்திக்கொள்ளாமல் மிஷினில் கொடுத்தால், பல்லுச்சக்கரம் அடித்துணியை ஒரு வேகத்தில் இழுக்கும், மேல்துணி பின்தங்கும், கடைசி வரியில் ஒரு கை அகலத்துக்குத் துணி மிஞ்சி நிற்கும். உள்ளே வைக்கிற பஞ்சை நிறுத்தத் தையல் கோடுகள் நெருக்கமாகப் போக வேண்டும். நூலை மிச்சம் பிடிக்கலாம் என்று தள்ளித்தள்ளிப் போட்டால் ஆறு மாதத்தில் பஞ்சு ஒரு மூலையில் கட்டியாகச் சேர்ந்துவிடும்.

அக்கா இவற்றை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று கைத்தப்பு, இன்னொன்று துணித்தப்பு. கைத்தையல் போடாமல் விட்டது கைத்தப்பு. அதற்குப் பொறுப்பு தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, பிரித்துத் தைப்பார். துணித்தப்பு வேறு. அது துணியோடு கூடவே வருவது. கம்பெனி வெட்டுமேஜையிலிருந்து மூட்டையில் வருகிற துண்டுகளுக்கு ஊர்பேர் கிடையாது. சுத்தப் பருத்தியும், லைக்ரா கலந்ததும், பாலியஸ்டர் கலந்ததும் ஒரே சாக்கில் கிடக்கும். ஒரு துண்டை இழுத்துப் பார்த்து லைக்ராவைக் கண்டுபிடிக்கிறார். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கிறார்: காகிதம் எரிகிற வாசமும் சாம்பலும் என்றால் பருத்தி, உருகி மணிபோல உருண்டால் பாலியஸ்டர். வெள்ளைத் துணியை நனைத்து மேலே வைத்து அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். நல்ல விமர்சகன் ஒரு பிரதியை இந்த அளவுக்குச் சோதித்து எழுதினால் தமிழில் பாதி மதிப்புரைகள் வராமலே போயிருக்கும். என்னுடையதும் சேர்த்துத்தான்.

அந்தச் சிவப்பையும் இப்படிச் சோதித்தாராம். ஒட்டவில்லை. பச்சைத்தண்ணியில் ஒட்டாதது, வாங்கினவர் வீட்டு வெந்நீரில் ஒட்டிவிட்டது. ஏன் என்று ஒரு சாயப்பட்டறை மாஸ்டரிடம் கேட்டேன். பருத்திக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் முழுதும் இழையைப் பிடிப்பதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து செத்துப்போய், இழையின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கொதிநீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அடர்சிவப்புக்கும் கருப்புக்கும் அலசல் அதிகம். அலசல் என்றால் தண்ணீர், சூடு, நேரம், அப்புறம் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற செலவு. இதில் ஒரு அலசலை மிச்சம் பிடித்தால் பட்டறைக்கு லாபம். அந்தச் சாயம் எங்கேயும் போய்விடாது. முன்பு முறையாக அலசிய காலத்தில் அது நொய்யலுக்குப் போயிற்று. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நின்று, கீழே உள்ள விவசாயிகள் தண்ணீரைத் திறக்காதே என்று போராடுகிற வினோதமான அணையாக அதை ஆக்கிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிடும்வரை அந்தக் கதை நீண்டது. அலசாமல் விட்டாலோ, துண்டோடு சேர்ந்து மங்கலம் வந்து, வெள்ளைக் கட்டத்தில் ஏறி, ஒரு பெண்ணின் கூலியைக் கழிக்கிறது. நான் ‘துணியே எழுதிக்கொண்டது’ என்றேனே, அந்த எழுத்தை எழுதியவர்கள் யார் என்று இப்போது சொல்ல முடியும். அப்போது நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காத இடத்தில் கோட்பாட்டை வைத்து ஒட்டுப்போட்டேன்.

இங்கே என் படிப்பு சற்று உதவுகிறது. எம்.ஏ.யில் நன்னூலை உருப்போட்டபோது அதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று நினைத்ததில்லை. நம் மொழியில் புத்தகமும் நூல், இழையும் நூல். இந்த இரட்டை அர்த்தத்தை வைத்துக்கொண்டு பவணந்தி பாயிரத்தில் ஒரு உருவகம் செய்கிறார்: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிற பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். நூற்கிற பெண்ணைப் புலவனாக்கிய இந்த உருவகத்தில் நூற்கிற பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்திறுதல்… ஒரு மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். முதல் வரியில் நெருக்கமாக ஆரம்பித்துக் கடைசி வரியில் தள்ளிப்போகிற தையலுக்குச் சென்று தேய்ந்திறுதலைவிட நல்ல பெயர் கிடையாது. காடாவும் பனியனும் எதிரெதிராகச் சுருங்குவது மாறுகொளக் கூறல்.

ஆனால் இலக்கணத்தின் உண்மையான சூட்சுமம் பத்துக் குற்றத்தில் இல்லை, வழுவமைதியில் இருக்கிறது. வழாநிலை என்றால் பிழையில்லாதது. வழு என்றால் பிழை. வழுவமைதி என்பது பிழைதான், ஆனால் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவன் சொன்னால் அஃறிணையை உயர்திணையாக்கிய வழு. மகிழ்ச்சியில் சொன்னான், போகட்டும் என்கிறது இலக்கணம். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்து காரணங்களை நன்னூல் ஒத்துக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த ஐந்தும் சொல்பவன் மனசில் இருக்கிற காரணங்கள். பசுவை யாரும் கேட்பதில்லை.

நான் செய்தது இதுதான். அக்காவின் தவறு என்று எனக்குப் பட்டதை என் உவப்பின் காரணமாக ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்கிற அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது? சென்னைக் கடைக்காரர் அதே கறையைப் பார்த்து வழு என்றார், பணத்தைப் பிடித்தார். நான் வழுவமைதி என்றேன், கட்டுரை எழுதினேன். இரண்டு பேருமே தைத்தவரைக் கேட்கவில்லை. கடைக்காரராவது அது சாயம் போனது என்று தெரிந்துகொண்டு பேசினார்.

திருப்பூருக்கு இந்த வழுவமைதி வியாபாரம் புதிதல்ல. ஏற்றுமதிச் சரக்கு முழுவதையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. 1201 முதல் 3200 பீஸ் வரையுள்ள ஒரு லாட்டுக்கு 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்ற அட்டவணைப்படி அதில் 7 டேமேஜ் வரை இருந்தால் லாட் பாஸ், 8 ஆனால் முழு லாட்டும் ரிஜெக்ட். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவக் கொள்முதலுக்காகப் பிறந்த மாதிரி எடுக்கும் முறையின் வாரிசு இந்த அட்டவணை. ஆக ஏழாவது தவறு வழுவமைதி, எட்டாவது தவறு வழு. எட்டாவது பீஸைத் தைத்த டெய்லர் என்ன தைத்தார் என்பது பிரச்சினையே இல்லை, எண்தான் இலக்கணம். செக்கிங் பெண்கள் பிசிறு வெட்டிக்கொண்டே இந்த எட்டைத் தேடுகிறார்கள். கழிந்த சரக்கு செகண்ட்ஸ் என்ற பெயரில் காதர்பேட்டைக்குப் போகிறது. இலக்கணத்தில் தகுதி வழக்கு மூன்று வகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ‘செகண்ட்ஸ்’ குழூஉக்குறி. தவறைத் ‘தனித்த அழகு’ என்று சொல்கிற என் போன்றவர்களின் பாஷை மங்கலம். செத்தவரைத் துஞ்சினார் என்று சொல்கிற அதே மங்கலம். (ஊர் பெயரும் அதுவாக அமைந்ததற்கு நான் பொறுப்பில்லை.)

இனி, நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற உதாரணத்துக்கு வருவோம். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கிற கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு. அடிமைப் பண்ணையின் முதலாளி பெட்வே, அந்தப் பெயரே இன்றும் பாதி ஊருக்குக் குடும்பப் பெயர். 1960களில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆற்றைக் கடந்து போக முயன்றார்கள். 1962இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மறுபடி படகு விட 2006 ஆயிற்று. அந்தப் பெண்கள் பழைய வேலைச்சட்டை, ஜீன்ஸ், மாவுச்சாக்கு இவற்றில் தைத்த மெத்தைகளை வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் வாங்கிச் சேர்த்தார். 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் அவை தொங்கின. கோணலான கட்டங்களையும், நடுவில் நிறம் மாறும் பட்டைகளையும் பார்த்து விமர்சகர்கள் மத்தீஸ், க்ளே என்று ஐரோப்பிய ஓவியர்களின் பெயரைச் சொன்னார்கள். 2006இல் தபால்தலை வந்தது. அடுத்த ஆண்டே அனி மே யங், லொரெட்டா பெட்வே உள்ளிட்ட சிலர், தங்கள் வடிவங்களில் வருகிற பணத்தில் தங்களுக்கு உரியது வரவில்லை என்று ஆர்னெட் தரப்பின்மீது வழக்குப் போட்டார்கள். 2008இல் அது முடிவுக்கு வந்தது. 2024இல் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடர் அந்த ஊரின் பெயரிலேயே அந்த வடிவங்களைத் துணிமணிகளில் போட்டு விற்றது.

இந்தக் கதையில் நாம் சொல்லாமல் விடுகிற ஒரு அத்தியாயம் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வெகுமுன்பே, 1966இல், பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் முயற்சியில் அந்த வட்டாரப் பெண்கள் சுதந்திர மெத்தைக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். வாக்குரிமைக்குப் போனதற்காக வேலையையும் குடியிருப்பையும் இழந்தவர்களுக்கு வருமானம் தேவைப்பட்டது. நியூயார்க் கடைகள் ஆர்டர் கொடுத்தன. கொடுத்தவர்கள் கேட்டது சீர்மையை: ஒரே அளவு, ஒரே தையல், சொன்ன வடிவம். அதற்கு ஏற்பத் தைக்கப் பழகினார்கள். 1972 வாக்கில் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்தார்கள். அதில் மிஞ்சின வெட்டுத்துணிதான் வீட்டுக்கு வந்து, பின்னால் அருங்காட்சியகத்தில் தொங்கிய கார்டுராய் மெத்தைகளானது. திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் கம்பெனிக்குப் பிசகாமல் தைத்த அதே கை, இரவில் வெட்டுத்துணியை எடுத்துத் தன் இஷ்டப்படி தைத்தது. அந்தக் கோணல் தெரியாமல் வந்த கோணல் அல்ல. நேராகத் தைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள், அதற்குக் கூலியும் வாங்கியவர்கள். அவர்கள் மெத்தைக்குள்ளும் இது சரி, இது பிரித்துத் தைக்க வேண்டியது என்ற கணக்கு இருந்தே தீரும்.

நம் பக்கத்தில் வட கன்னடத்துச் சித்தி மக்களைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், ஹளியாள், எல்லாப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள். பழந்துணியில் கவந்தி என்ற மெத்தை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச்சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். அளவுகோல் இல்லை, முன்வரைவு இல்லை. பட்டணத்து ஆள் பார்த்தால் இலக்கணமே இல்லாத கலை என்று மகிழ்ந்துபோவான். ஆனால் நான்கு மூலையிலும் பூலா என்று சொல்கிற சிறு மடிப்புத் துணியை வைக்காவிட்டால் அது முடியாத மெத்தை, அம்மணமான மெத்தை. அதுதான் அங்கே வழு. வழு எங்கே இருக்கிறதோ அங்கே இலக்கணம் இருக்கிறது. இலக்கணம் இருக்கிற இடத்தில் வெளியாள் போய் ‘உங்களுக்கு இலக்கணமே இல்லை, ஆகவே நீங்கள் விடுதலை பெற்றவர்கள்’ என்று சொன்னால் அது பாராட்டாகாது.

வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பார்கள் என்ற கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அமெரிக்க ஆமிஷ் பெண்கள், கடவுள் ஒருவனே குறையற்றவன் என்பதற்காக மெத்தையில் ஒரு துண்டைத் தெரிந்தே மாற்றி வைப்பார்கள் என்பது உலகம் முழுக்கச் சுற்றுகிற கதை. கம்பளம் நெய்பவர்கள் பற்றியும் இதையே சொல்வார்கள். மெத்தை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் காணவில்லை, பிற்காலக் கற்பனை என்கிறார்கள். குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தே வளர்ந்த நமக்கு அது உடனே பிடித்துப்போகிறது. நானும் பழைய கட்டுரையில் சேர்த்திருந்தேன். அந்தப் பகுதியை அக்காவின் மகள் வாசித்தபோது அங்கே இருந்த நான்கைந்து பேரும் சிரித்தார்களாம். “வேணும்னே வெக்கோணுமாக்கும்? வேண்டாம்னாலே வருது.”

தெல்யூசும் கத்தாரியும் 1980இல் எழுதிய நூலில் நெய்த துணிக்கும் நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளிக்கும் (ஃபெல்ட்), பூத்தையலுக்கும் ஒட்டுத்துணிக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து இரண்டு வகை வெளிகளைப் பேசுகிறார்கள் என்பது இவ்விதழ் வாசகர்களுக்குத் தெரியும். பூத்தையலுக்கு ஒரு மையம் உண்டு. ஒட்டுத்துணி துண்டு துண்டாக எந்தப் பக்கமும் நீளும், மையமில்லை. கோடுபோட்ட வெளிக்கு எதிராக வழுவழுப்பான வெளி. நம்மூரில் இதை வைத்துத் துண்டு துண்டான நாவல்களுக்கு நியாயம் கற்பித்த காலம் ஒன்று இருந்தது. ஒரு நாவலில் இரண்டு அத்தியாயம் ஒட்டவில்லை என்றால் ‘அது ஒட்டுத்துணி’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். ஒட்டுத்துணி தைப்பவளுக்கு ஒட்டாத இடம் அவமானம் என்பது நமக்குத் தெரியாது. மையமில்லாத அமைப்பு என்பது ஒன்று, கைத்தையல் போடாமல் மிஷினில் கொடுத்தது வேறு. விமர்சனத்துக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எல்லாச் சோம்பலும் கோட்பாட்டின் நிழலில் வந்து படுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. அவர்கள் பின்னலைப் பற்றிச் சொல்லும்போது கையில் பிடிக்கிற இரண்டு ஊசிகளைச் சொல்கிறார்கள். திருப்பூரின் முப்பது இஞ்ச் வட்டப் பின்னல் மிஷினில் ஊசி இரண்டாயிரத்துக்கு மேல். அதில் ஒன்று தேய்ந்தால் போதும், ரோல் முழுக்க நீளவாக்கில் ஒரு கோடு விழும். நீடில் லைன். அந்தக் கோடு விழுந்த துணியைக் கட்டிங் மாஸ்டர் ஒதுக்குவார், அது வேஸ்ட்டாகும், மூட்டையில் மங்கலம் வரும். அக்காவின் மெத்தைகளில் கூர்ந்து பார்த்தால் இந்தக் கோடுகள் தெரியும். அவற்றை அவர் மறைப்பதில்லை. இரண்டு துண்டின் கோடுகளை நேர்வைத்துத் தைத்து, தையல் கோடாகவே ஆக்கிவிடுகிறார். “கோடு இருக்குதுங்களே, அளவெடுக்க வேண்டியதில்லைங்க” என்கிறார். எனக்குத் தெரிந்து மங்கலத்து மெத்தையில் வழுவமைதி என்று சொல்லத்தக்க இடம் இதுதான். ஒரு பெரிய மிஷினின் பிழையைத் தைப்பவள் தன் காரணத்துக்காக, தன் கணக்கில், ஏற்றுக்கொள்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு இந்தக் கோடுகளை நான் பார்க்கவே இல்லை. சிவப்புதான் கண்ணை அடித்தது.

ஆலிஸ் வாக்கர் 1973இல் எழுதிய ஒரு கதை இங்கே ஞாபகம் வருகிறது. படித்துப் பட்டணம் போன மூத்த மகள் ஊருக்கு வந்து, பாட்டி தைத்த மெத்தைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். கல்யாணமாகப் போகிற தங்கையிடம் இருந்தால் தினமும் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்கிறாள். தாய் அவற்றைத் தங்கைக்கே கொடுக்கிறாள். நாம் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் தாயின் பக்கமும் தங்கையின் பக்கமும் நின்று படித்திருக்கிறோம். என் கட்டுரையோ அச்சு அசலாக மூத்தவளின் கட்டுரை. ஆனால் கதையிலும் ஒரு இடைவெளி உண்டு. போர்த்திக்கொள்வது, சுவரில் மாட்டுவது என்று இரண்டு வழிதான் அங்கே. விற்பது என்ற மூன்றாவது வழி இல்லை. மங்கலத்தில் இருக்கிறது அது மட்டும்தான். அக்கா வீட்டில் யாரும் ஒட்டுத்துணி மெத்தையில் படுப்பதில்லை, கோரைப்பாய்தான். ‘எங்களுக்கெதுக்குங்க, நாலு நாள் வேலை’ என்பார்.

கந்தை என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள், நம் கந்தையோடு உறவுள்ள சொல்தான். புத்த பிக்குகள் குப்பையில் எடுத்த துணியைத் தைத்து உடுத்தினார்கள். மகத நாட்டு வயல்வரப்பைக் காட்டி அதைப்போல் சீவரம் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநயம் சொல்கிறது. கண்டதுண்டமாக வெட்டினால் திருடுகிறவனுக்கு அதில் ஆசை வராது என்பதும் ஒரு காரணம். இதை எழுதும்போது எனக்குள் பழைய ஆசாமி மறுபடி தலைநீட்டுகிறான்: மதிப்பில்லாமல் ஆக்குவதற்காகவே வெட்டிய துணி, சந்தைக்கு எதிரான துணி, என்று ஒரு பத்தி தயாராகிறது. நிறுத்திக்கொள்கிறேன். ஆனந்தர் விற்கத் தைக்கவில்லை. அக்கா விற்கத் தைக்கிறார். திருட ஆசை வராத துணியை எந்தக் கடையும் வாங்காது.

சென்னைக் கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். விமர்சகனாக நான் செய்த உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும். திரும்பி வந்த ஒன்பதில் இரண்டு சுருங்கி நெளிந்தவை, ஒன்று அளவு குறைந்தது. இந்த மூன்றும் கைத்தப்பு, நாங்கள் ஏற்கிறோம். ஆறு சாயத்தப்பு. பச்சைத்தண்ணீரில் துவைக்கவும் என்று சீட்டு வைத்திருந்தோம், உங்கள் கடையில் அந்தச் சீட்டைக் கழற்றிவிட்டு உங்கள் சீட்டைத் தைத்திருக்கிறீர்கள் என்று அக்கா சொல்லச்சொல்ல எழுதினேன். சீட்டு விஷயம் அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து மூன்று மெத்தைக்கான பணம் வந்தது. மீதி மூன்றுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிற்றிதழ்களில் பிழைதிருத்தம் போடுவது வழக்கம், என் பழைய கட்டுரைக்கு யாரும் போடவில்லை. இங்கே போட்டுவிடுகிறேன். ‘ஓவர்லாக் தையல் கோடுகள் மெத்தையின் மேல் ஓடுகின்றன’ என்று எழுதியது தவறு, அவை சாதாரண சிங்கர் மிஷின் தையல். ஓவர்லாக் ஓரத்தில் மட்டும்தான். ‘முப்பத்தாறு கட்டங்கள்’ என்றது தவறு, நாற்பத்திரண்டு. நான் மடித்துவைத்த மெத்தையை எண்ணியிருக்கிறேன். ‘பெயரற்ற கைகள்’ என்ற தொடர் மூன்று இடத்தில் வருகிறது. நான் பெயர் கேட்கவில்லை என்று படித்துக்கொள்ளவும். ‘மறுப்புப் பிரதி’ என்று வருகிற இடத்தில், சாயப்பட்டறையில் ஒரு அலசல் குறைந்த துணி. இவற்றில் முதல் இரண்டைக் கண்டுபிடித்தது அக்கா. இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவர் மகளிடம் கொடுத்தேன். ரியாக்டிவ் சாயம் பற்றிய பத்தியை மட்டும் இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுத்த மூட்டை எடுக்கும்போது கொதிநீரில் ஒரு துண்டை முக்கிப் பார்க்கணும் என்று அக்கா சொன்னதாகச் சொன்னாள். நீடில் லைன் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.